எண்ணிக்கையும் செவியும்: மலையகத் தோட்டங்களில் பயிற்சி திறனாகும் விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி பழையது. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் திறமை வந்துவிடுமா? இசைக்கும் தற்காப்புக் கலைக்கும் இது பொதுவான கேள்வி. வாய்ப்பாட்டு பயிலும் மாணவி சரளி வரிசையை மாதக்கணக்கில் பாடுகிறாள். சிலம்பு பழகும் பையன் ஒரே காலடியை நாள்தோறும் வைக்கிறான். இருவரும் சலித்துக்கொள்ளும்போது, 'பழகப் பழக வரும்' என்று ஒரே பதிலைச் சொல்லி அனுப்புகிறோம். அந்தப் பதில் பாதி உண்மை என்பது என் நிலைப்பாடு. மற்றப் பாதியைத் தேட, இலங்கையின் மலையகத்தில் அட்டனையும் நுவரெலியாவையும் சூழ்ந்த பெருந்தோட்டங்களைவிடத் தெளிவான இடம் கிடைப்பது அரிது. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பகுதிகளிலிருந்து முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொண்டுவரப்பட்ட மக்கள், தம்மோடு தப்பு என்ற பறையையும் சிலம்பையும் கூத்தையும் கொண்டுவந்தார்கள். ஆகவே இங்கே ஒரே சமூகத்தின் கைகள் இரண்டு விதமான திரும்பச் செய்தலில் தலைமுறைகளாக ஈடுபட்டிருக்கின்றன. மலையில் கொழுந்து பறிப்பது ஒன்று. வேலை முடிந்த பின்னும் திருவிழாக் காலத்திலும் லயம் எனும் தொடர் குடியிருப்பின் வாசலிலும் கோயில் முற்றத்திலும் நடக்கும் கலைப் பயிற்சி மற்றது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், திறனை வளர்ப்பது எது என்பது துலங்கும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செய்ததை ஒரு செவி கேட்டு, குறை கண்டு, அடுத்த முறையை மாற்றும்போதுதான் திரும்பச் செய்தல் திறனாகிறது. செவி இல்லாத எண்ணிக்கை ஒரு மட்டம் வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிடும். அந்தச் செவி முதலில் வாத்தியாருடையது. பிறகு கூடிநின்று பார்ப்பவர்களுடையது. முடிவில் அது பழகியவருக்கே உரியதாகிவிடுகிறது. இதை ஆறு பகுதிகளாக விளக்க விரும்புகிறேன்.

1. காலம் காத்திராத கலைகள்

முதலில் எண்ணிக்கையின் பக்கம் உள்ள நியாயத்தை முழுமையாக ஒப்புக்கொள்வோம். இசையும் தற்காப்புக் கலையும் ஏன் இவ்வளவு திரும்பச் செய்தலைக் கேட்கின்றன? இரண்டிலும் காலம் நமக்காகக் காத்திருப்பதில்லை. கட்டுரை எழுதுபவர் ஒரு சொல்லுக்காகப் பேனாவை நிறுத்தி யோசிக்கலாம். தப்பு அடிப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆடுபவரின் கால் தரையைத் தொடும் கணத்தில் அடி விழுந்தாக வேண்டும். கண்ணால் கண்டதற்குக் கை அசையத் தொடங்கவே மனிதருக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. எதிரியின் கம்பு தோளை நோக்கி வரும்போது, 'எந்தக் காலை எடுப்பது, கம்பை எங்கே கொடுத்துத் தடுப்பது' என்று எண்ணிப் பார்க்க அதற்குமேல் நேரம் மிஞ்சாது. தட்டும் காலடியும் முன்னரே உடலில் ஊறியிருந்தால் மட்டுமே அடியிலிருந்து தப்பலாம்.

அமெரிக்க உளவியலாளர்கள் ஃபிட்ஸ், போஸ்னர் இருவரும் 1967ஆம் ஆண்டு நூலில் திறன் கற்றலை மூன்று படிகளாகப் பகுத்தார்கள். முதல் படியில் கற்பவர் ஒவ்வொரு அசைவையும் மனத்துக்குள் சொல்லிச் சொல்லிச் செய்கிறார். இரண்டாவதில் அசைவுகள் ஒன்றோடொன்று இணைந்து பிழைகள் குறைகின்றன. மூன்றாவதில் அசைவு தானாக நடக்கிறது. அந்த மூன்றாம் படியில் என்ன கிடைக்கிறது என்பது முக்கியம். கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதால் கவனத்துக்கு விடுதலை கிடைக்கிறது. இடது தோளில் தப்பை அணைத்து, வலக்கையில் அடிக்குச்சியும் இடக்கையில் சுண்டுக்குச்சியும் பிடித்த ஒருவருக்கு அடிப்படைச் சொற்கட்டு கையில் ஊறிவிட்டால், அவர் காது ஆடுபவரின் சலங்கைக்கும் பாடுபவரின் மூச்சுக்கும் போய்விடுகிறது. கம்பு சுழற்றுபவருக்கு வீச்சு பழகிவிட்டால், அவர் கண் எதிரியின் தோளுக்கும் இடுப்புக்கும் போய்விடுகிறது. திரும்பச் செய்தலின் உண்மையான பயன் இந்த விடுதலை. ஆனால் விடுதலை பெற்ற கவனம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு எண்ணிக்கையிடம் பதில் இல்லை. கவனம் மேலும் நுட்பத்தைத் தேடிப் போகலாம். அடுத்த வேளை உலைக்கு அரிசி இருக்கிறதா என்ற கவலைக்கும் போகலாம். திறன் மேலே வளர்வதும் அங்கேயே உறைவதும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன.

2. கொழுந்து மலை காட்டும் உண்மை

எண்ணிக்கை மட்டும் திறனைத் தருமானால், அதன் உச்சத்தைக் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் காண வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும் கொண்ட தளிரின் எடை ஏறத்தாழ ஒரு கிராம், அல்லது அதற்கும் குறைவு. 18 கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் கூலி, என்று வைத்துள்ள தோட்டத்தில், ஒரு பெண் ஒரே நாளில் பதினெட்டாயிரம் தளிர்களையாவது கிள்ளுகிறார். இசைக் கல்லூரி மாணவர் ஒருவர்கூட ஒரே அசைவை நாள்தோறும் இத்தனை முறை செய்வது அரிது. இந்த உழைப்பைத் 'திறனற்ற தொழில்' என்று வகைப்படுத்தும் வழக்கம் பெரும் பிழை. பறிப்பவரின் விரல் முற்றிய இலையையும் இளந்தளிரையும் பார்வைக்கு முன்பே பிரித்தறிகிறது. இரண்டு கைகளும் தனித்தனியே வேலை செய்கின்றன. சரிவில் கால் பதியும் இடத்தை உடல் தானே தேர்கிறது. பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பை வைக்கும்போதே செடியின் மேல்மட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. புதிதாகப் பேர் பதிந்த இளம்பெண் ஒருவரையும் இருபது ஆண்டு பழகியவரையும் ஒரே நிரையில் விட்டால், மாலைத் தராசு இருவருக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடும்.

வேலைத் திறன் எவ்வளவு காலம் வளரும் என்பதை ஆராய்ந்த இங்கிலாந்து உளவியலாளர் கிராஸ்மன், சுருட்டுத் தயாரிக்கும் தொழிலாளரின் வேகத்தை அளந்து 1959இல் வெளியிட்டார். இலட்சக்கணக்கான சுருட்டுகளைச் செய்து முடித்த பின்னும் வேகம் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே போனது. இயந்திரத்தின் எல்லையை நெருங்கியபோதுதான் அது நின்றது. எண்ணிக்கைக்குச் சார்பான சான்றாக இதைக் காட்டலாம். ஆனால் அவர் அளந்தது என்ன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே பொருள், ஒரே இயந்திரம், ஒரே இலக்கு, அதாவது வேகம். அளக்கப்பட்டது வளர்ந்தது. இதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே, 1897இலும் 1899இலும், பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர் தந்தி இயக்குநர்களை ஆராய்ந்தார்கள். கற்றல் ஏறி, பிறகு நீண்ட காலம் சமமாகக் கிடந்து, மீண்டும் ஏறுவதை அவர்கள் கண்டார்கள். அன்றாட வேலைக்குப் போதுமான வேகம் வந்ததும் பலர் அங்கேயே தங்கிவிட்டதையும் கவனித்தார்கள். தந்தியைக் கையாண்ட நாள்கள் கூடின, திறன் கூடவில்லை.

கொழுந்து மலையிலும் இதுவே நடக்கிறது. தராசுக்கு ஒரே ஒரு காது உண்டு. அது கிலோவை மட்டும் கேட்கிறது. மேற்பார்வை செய்யும் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் முற்றல் இலையை ஒதுக்கச் சொல்லும்போது ஒரு திருத்தம் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அது தண்டனைக்கான திருத்தம்; கற்பிப்பதற்கான திருத்தமாக வருவதில்லை. பேருக்குத் தேவையான அளவைத் தொட்டபின் அந்தக் கைகள் மேலும் நுட்பம் அடைவதை அளக்கவோ, பெயரிடவோ, பாராட்டவோ தோட்ட நிர்வாகத்தில் ஓர் ஏற்பாடு இருந்தது அரிது. ஆகவே அந்தப் பெண்களின் திறன் வளர்ந்தது எண்ணிக்கையால் என்றால், ஒரு மட்டத்துக்குமேல் அதற்கு வாய்ப்பு மறுக்கப்பட்டதும் எண்ணிக்கை ஒன்றே அளவாக இருந்ததால்தான். அந்தப் பெண்கள் தம் கவனத்தை வேறு வழியில் கலையாக்கினார்கள். பறிக்கும்போதும் குழந்தையைத் தூங்கவைக்கும்போதும் சாவு வீட்டிலும் பாடிய பாடல்களில் அது வெளிப்பட்டது. மலையக எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் அதற்குச் சாட்சி. அங்கே கூடியிருந்த மற்றப் பெண்களின் செவி இருந்தது. அதனால் அங்கே கலை வளர்ந்தது.

3. ஒரே தப்பு, இரண்டு வேலை

என் வாதத்துக்கு மிக வலுவான சான்று ஒரே கருவிக்குள் இருக்கிறது. தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரை எழுப்பிப் பெரட்டு எனும் காலை வரிசைக்குக் கூட்டத் தப்பு அடிக்கப்பட்டது. வேலுப்பிள்ளையின் 1954ஆம் ஆண்டு ஆங்கிலக் கவிதை நூல் 'இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே' விடியற்பொழுதின் அந்த முழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது. அதே தப்புதான் சாமி கும்பிடும்போதும் சாவு வீட்டிலும், மன்மதனைச் சிவன் எரித்த கதையை ஆடும் காமன் கூத்திலும் அடிக்கப்பட்டது. பெரட்டுத் தப்பிடம் கேட்பவர் எதிர்பார்த்தது ஒன்றே: சத்தம் லயத்தின் கடைசிக் காம்பரா (அறை) வரை எட்ட வேண்டும். ஆண்டுக்கு முந்நூறு விடியல்கள் என்ற கணக்கில் பல ஆண்டுகள் அடித்தாலும், அந்த அடி நுட்பமாக வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. கூத்தில் அப்படியில்லை. ரதி ஆடி வரும்போது ஒரு நடை, தூதன் வரும்போது வேறு நடை, வீரபத்திரன் எழும்போது மற்றொரு நடை. தாளம் அரை மாத்திரை பின்தங்கினால் ஆடுபவர் திரும்பிப் பார்ப்பார்; கூடி நின்ற பெரியவர் ஒருவர் முகம் சுளிப்பார். ஒரே மனிதர், ஒரே தோல், ஒரே குச்சிகள். இருந்தும் திறனை வளர்த்தது கூத்துத் தப்பு. எண்ணிக்கை இரண்டிலும் இருந்தது, செவி ஒன்றில்தான் இருந்தது.

திருத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிலம்பில் இன்னும் நுணுக்கமாகக் காணலாம். வாத்தியார் முதல் நாளே கம்பைச் சுழற்றச் சொல்வதில்லை. காலடி வரிசை முதலில். கால் வைக்கும் இடம் நிலைத்த பின்னரே நெற்றி உயரக் கம்பு கைக்கு வருகிறது. பிறகு வலப்புற வீச்சு, இடப்புற வீச்சு, குத்து, வாரல், தட்டு என்று ஒவ்வொன்றாகக் கூடுகிறது. வலக்கை நன்றாகப் பழகியதும் வாத்தியார் இடக்கைக்கு மாற்றுகிறார். தனியாகச் சுழற்றுவது நன்றாக வந்ததும் எதிரில் ஒருவரை நிறுத்துகிறார். அதாவது பழக்கம் வசதியாகும் ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வசதி கலைக்கப்படுகிறது. கர்நாடக இசையில் சரளி வரிசையை மூன்று காலத்திலும் பாடவைப்பதும், அதே சுரங்களை ஏழு தாள அலங்காரங்களில் மாற்றி அமைப்பதும் இதே கல்வி நெறி. 16ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்ததாகக் கருதப்படும் இந்தப் பாடத்திட்டம் திரும்பச் செய்தலை மாற்றத்தோடு பிணைத்தே வைத்திருக்கிறது.

ஒரே அசைவைப் பிசகாமல் செய்வதுதான் தேர்ச்சி என்ற எண்ணத்தை 1920களில் மாஸ்கோவில் உடலசைவு ஆய்வாளர் நிகோலாய் பெர்ன்ஸ்டைன் உடைத்தார். தொழிலாளரின் அசைவை ஒழுங்குபடுத்தி உற்பத்தியைப் பெருக்குவதற்காக அமைக்கப்பட்ட நடுவண் தொழில் நிறுவனத்தில் அவர் சுத்தியல் அடியை ஒளிப்படங்களால் அளந்தார். தேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் முனை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை ஒவ்வொரு அடியிலும் சற்றே வேறு வழியில் சென்று ஒன்றன் பிழையை மற்றது சரிசெய்துகொண்டன. திரும்பச் செய்தல் என்பது ஒரே அசைவை மீண்டும் நிகழ்த்துவதாகாது, ஒரே சிக்கலை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தீர்ப்பது என்று அவர் முடிவு செய்தார். மனித உழைப்பை இயந்திரமாக்க அமைந்த நிறுவனத்திலேயே இந்த உண்மை கண்டறியப்பட்டது என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். லயத்து வாசலில் நிலம் சரிவாக இருக்கும். மழைக்குப் பின் தரை வழுக்கும். குளிரில் தப்பின் தோல் தொய்ந்துபோகும். நெருப்பில் காய்ச்சி இறுக்கினாலும் சற்று நேரத்தில் மீண்டும் தளரும். ஒவ்வொரு நாளும் ஒரே அடியை வேறு நிலத்தில், வேறு இறுக்கத்தில் அடித்துப் பழகியவருக்கு, சமமான பளிங்குத் தரையில் மட்டும் பழகியவருக்கு இல்லாத இசைவு கிடைக்கிறது. பெர்ன்ஸ்டைன் அளந்த தொழிலாளியின் கையில் இருந்ததும் அதே இசைவுதான்.

4. காமன் கூத்து: இடைவெளியும் கூட்டமும்

மாசி மாத அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றப்படுகிறது. அன்று முதல் வளர்பிறை நாள்களில் இரவுதோறும் ஆட்டமும் பாட்டும் நடந்து, பௌர்ணமியை ஒட்டி மன்மதனைச் சிவன் எரிக்கும் கட்டத்தில் கூத்து உச்சம் அடைகிறது. இந்தக் கலையின் கால அமைப்பு நம் கேள்விக்கு முக்கியமானது. நாள்தோறும் பயிற்சி இல்லாமல், ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நடக்கும் ஒன்று எப்படித் திறனைக் காக்க முடிந்தது? இடைவெளி விட்டுப் பயில்வது நினைவைக் கெடுக்கும் என்று தோன்றலாம். ஆனால் 1885இல் ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் தொடங்கிய நினைவாற்றல் ஆய்வுகள் முதல், ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுப் படித்தது நீடிக்கிறது என்பது பலமுறை உறுதியாகியிருக்கிறது. 1979இல் ஷியா, மோர்கன் என்ற ஆய்வாளர் இருவரும் கை அசைவுகளை வைத்துச் செய்த சோதனையும் இங்கே பொருந்தும். ஒன்றை முடித்த பின் மற்றொன்று என்று வரிசையாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாக முன்னேறினார்கள். மூன்று அசைவுகளையும் கலந்து கலந்து பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள். சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள். காமன் கூத்தில் ஓர் இரவில் பாட்டும் ஆட்டமும் தாள மாற்றமும் பாத்திர நுழைவும் கலந்தே வருகின்றன. மறந்ததை மீட்டெடுக்கும் முயற்சி அந்த அமைப்பிலேயே இருக்கிறது.

இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. கூத்து நடக்காத மாதங்களிலும் கேட்கும் பழக்கம் நின்றுவிடுவதில்லை. லயம் என்பது சுவரோடு சுவர் ஒட்டிய குடியிருப்பு. ஒரு காம்பராவில் யாராவது தாம்பாளத்தில் தாளம் போட்டாலும் பத்துக் காம்பராவுக்குக் கேட்கும். அங்கே வளரும் பிள்ளை தப்பைக் கையில் எடுப்பதற்கு முன் பல ஆண்டுகள் அதைக் கேட்டுத் தரம் பிரித்துவிடுகிறது. எந்த அடி ஒழுங்கு, எந்த அடி பிசகு என்று கை பழகுவதற்கு முன்பே காது பழகிவிடுகிறது. கம்பம் ஊன்றிய இடத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் எப்போதோ ஆடியவர்கள், அல்லது ஆடியவரின் மக்கள். அப்படிப்பட்ட கூட்டத்தின் முன் ஆடும் ஒவ்வோர் இரவும் தேர்வாகவும் வகுப்பாகவும் அமைகிறது. பெரிய இசைக் கல்லூரிகள் பணம் செலவழித்து உருவாக்கும் அந்தக் கேட்கும் சூழலை, எல்லாம் மறுக்கப்பட்ட இந்த மக்கள் குடியிருப்பின் நெருக்கத்துக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டார்கள். நெருக்கடியான வீட்டை நான் புகழவில்லை. அதை மாற்றியே ஆக வேண்டும். ஆனால் வீடுகள் தனித்தனியாகும்போது கூடிக் கேட்கும் இடத்தைத் திட்டமிட்டு அமைக்காவிட்டால், கலையின் அடித்தளம் நம் கண்முன்னே சரிந்துவிடும்.

5. மூன்று மறுப்புகள்

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். ஒவ்வொன்றும் மதிக்கத்தக்கது என்பதால் தனித்தனியே எடுத்துக்கொள்கிறேன்.

முதல் மறுப்பு: திறமை பிறவியில் வருவது, பயிற்சி அதை மெருகேற்றும், அவ்வளவே. 1993இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கழக வயலின் மாணவர்களை ஆராய்ந்து, மிகச் சிறந்தவர்கள் 20 வயதுக்குள் சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரத்துக்குமேல் தனிப் பயிற்சி செய்திருப்பதாகக் கூறினார்கள். 2008இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் எழுதிய நூலுக்குப் பின் இது 'பத்தாயிரம் மணி விதி' என்று உலகமெங்கும் பரவியது. 2014இல் மக்னமாராவும் உடன் ஆய்வாளர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனிதருக்கு மனிதர் உள்ள திறன் வேறுபாட்டில் பயிற்சி அளவு விளக்கிய பங்கு இசையில் 21 விழுக்காடும் விளையாட்டில் 18 விழுக்காடும்தான். ஆகவே மணிக்கணக்கு எல்லாவற்றையும் விளக்காது, அது உண்மை. ஆனால் இந்தச் சான்று என் வாதத்தைத் தாக்கவில்லை, தாங்குகிறது. மணிக்கணக்கு போதாது என்றுதான் நானும் சொல்கிறேன். எரிக்சனே வலியுறுத்தியது குறை கண்டு திருத்தும் பயிற்சியை. மணியை எண்ணுவது அதன் நிழல் மட்டுமே. உடல் அமைப்பும் தொடங்கும் வயதும் வேறுபாடு தரும் என்பதை ஒப்புக்கொள்வோம். ஔவையின் பெயரால் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தையும் மொழியையும் கல்வியையும் நடையையும் பழக்கத்தின் கணக்கில் சேர்த்து, நட்பையும் இரக்கத்தையும் கொடையையும் மட்டும் பிறவிக் குணமாக ஒதுக்கியது. கைத்திறன் எல்லோருக்கும் திறந்த கதவு என்று நம் மரபு எப்போதோ சொல்லிவிட்டது.

இரண்டாம் மறுப்பு நம் சமூகத்துக்குள்ளிருந்து வருகிறது. தப்பு அடிப்பது குலத்தொழில்; அது இரத்தத்தில் ஊறியது; அதில் பயிற்சி, கல்வி என்ற பேச்சுக்கு இடமில்லை என்பது அது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். பரம்பரை என்று நாம் சொல்வதைப் பிரித்துப் பார்த்தால், சிறு வயதிலேயே கேட்கத் தொடங்கியதும், வீட்டிலேயே ஆசான் இருந்ததும், நாள்தோறும் திருத்தம் கிடைத்ததும்தான் அதில் இருக்கின்றன. இவை மூன்றும் எந்தப் பிள்ளைக்கும் தரக்கூடியவை. இரத்தத்தில் ஊறியது என்ற சொல், கலைஞர் பட்ட பாட்டை அவரிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. அதே சொல்தான் அந்தக் கலையை இழிவோடு கட்டிப்போட்டது. சாதியின் பெயரால் கட்டாயப்படுத்தி அடிக்கச் சொல்லி, அடித்தவரைத் தள்ளிவைத்த வரலாறு மலையகத்துக்கும் உண்டு. இளைஞர் பலர் தப்பைத் தொட மறுப்பதற்கு அந்த அவமானமே காரணம். அவர்கள் மறுப்பில் நியாயம் இருக்கிறது. கற்றால் எவருக்கும் வரும், கற்காவிட்டால் எவருக்கும் வராது என்ற உண்மையை நிலைநாட்டினால்தான் தப்பு சாதியிலிருந்து விடுபட்டு இசையாக நிற்கும்.

மூன்றாம் மறுப்பு கல்வியாளர்களுடையது: திரும்பத் திரும்பச் செய்யவைப்பது பிள்ளையின் படைப்பாற்றலைக் கொன்று கீழ்ப்படிதலை வளர்க்கிறது. பெரட்டுக்களத்தில் தலைமுறைகளாக வரிசையில் நிற்கவைக்கப்பட்ட மக்களிடையே இந்தக் கவலை இயல்பானது. ஆனால் கீழ்ப்படிதலை வளர்ப்பது, எதற்காகச் செய்கிறோம் என்று கேட்க உரிமையில்லாத திரும்பச் செய்தல். சிலம்பு வாத்தியார் முன் நிற்கும் பையன் தான் எதை நோக்கிப் பழகுகிறான் என்பதை அறிவான். தன் வீச்சு நேற்றைவிட இன்று நன்றாக இருக்கிறதா என்று தானே சொல்லக் கற்கிறான். கூத்தில் அனுபவம் மிக்கவர் கதைக்குள்ளேயே புதிய அசைவைச் சேர்க்கிறார், தப்பு அடிப்பவர் அதற்கு உடனே விடை கொடுக்கிறார். கை பழகாதவருக்கு இந்தச் சுதந்திரம் கிடையாது. அவரால் புதிதாக ஒன்றை எண்ண முடியும், செய்து காட்ட முடியாது. ஆகவே பயிற்சிக்கும் படைப்புக்கும் பகையில்லை. இலக்கைப் பழகுபவரே புரிந்து தீர்மானிக்கும் பயிற்சிதான் படைப்புக்கு வழி.

6. செய்ய வேண்டியவை

வாதம் சரியானால் அதிலிருந்து சில கடமைகள் பிறக்கின்றன. பாடசாலைகளில் சங்கீதமும் பரதமும் நாடகமும் அரங்கியலும் பாடங்களாக இருக்கின்றன. அவற்றோடு தப்பும் சிலம்பும் காமன் கூத்தும் முறையான பயிற்சியாக வர வேண்டும். ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்து மேடையேற்றுவது பயிற்சி ஆகாது. ஒரு பாடசாலை ஆண்டு முழுவதும் வாரத்தில் இரண்டு மாலை, ஒரு வாத்தியாரின் முன், ஒரு சிறு கூட்டத்தின் செவிக்கு எட்டும்படி நடத்தினால் போதும். கவனம் முழுவதும் குவிந்த பயிற்சி ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்குமேல் நீடிப்பது கடினம் என்று எரிக்சனின் ஆய்வே சொல்கிறது. எனவே பிள்ளைக்கு நீண்ட நேரம் தேவையில்லை. நல்ல செவி தேவை. கூத்து அறிந்த பெரியவர்கள் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்பதற்காக அவர்களைப் பாடசாலை வாசலில் நிறுத்தக் கூடாது. அவர்களுக்கு ஆசிரியருக்குரிய மதிப்பும் ஊதியமும் தரப்பட வேண்டும். கோட்டகலைப் பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் இந்தப் பெரியவர்கள் கற்பிக்கும் முறையைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். ஆட்டத்தை மட்டும் படம்பிடித்து வைப்பது போதாது. எந்தப் பிழையை எப்போது சுட்டுகிறார்கள், எதை அனுமதித்து எதைத் தடுக்கிறார்கள் என்பதுதான் அழியக்கூடாத அறிவு.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் முடிக்க முடியாது. மலையகத்தில் மிகப் பெரும் எண்ணிக்கையில் திரும்பச் செய்தவர்கள் பெண்கள். மிகக் குறைந்த செவியும் நேரமும் பெற்றவர்களும் பெண்கள். கொழுந்து மலையிலிருந்து திரும்பி அடுப்படிக்குச் செல்பவருக்குத் தப்புப் பழக நேரம் எங்கே? மரபில் காமன் கூத்தின் ரதியைக்கூட ஆண்களே ஆடினார்கள். ஒரு நாளில் பதினெட்டாயிரம் தளிர்களை முற்றலிலிருந்து பிரித்தறியும் விரல்களுக்குத் தாளம் வராது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்று சிறுமிகள் கம்பு எடுக்கத் தொடங்கியிருப்பது நல்ல தொடக்கம். வீட்டு வேலையைப் பகிர்ந்துகொள்வதும் மாலை நேரத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதும் அந்தத் தொடக்கத்தை நிலைக்கச் செய்யும் கடமைகள்.

மலையக மக்களின் வரலாறு 2023இல் இருநூறு ஆண்டைத் தொட்டபோது, அவர்கள் சிந்திய உழைப்பைப் பற்றி நிறையப் பேசினோம். அந்த உழைப்பை எப்போதும் கிலோவாலும் நாளாலும் பேராலும் அளந்தே பழகிவிட்டோம். அந்த மக்கள் தம் ஓய்வு நேரத்தில், யாரும் கூலி தராத இடத்தில், உலகின் ஆய்வுக்கூடங்கள் பின்னர் கண்டறிந்த கற்றல் நெறிகளை நடைமுறையில் வைத்திருந்தார்கள்: குறை கேட்பது, மாற்றிப் பழகுவது, இடைவெளி விட்டு மீட்பது, கூட்டத்தின் முன் நிற்பது. இதை அறிவாக ஏற்றுக்கொள்வதும், அடுத்த தலைமுறைக்கு முறையாகக் கற்பிப்பதும் நம் பல்கலைக்கழகங்களின், பாடசாலைகளின், பெற்றோரின் பொறுப்பு. பிள்ளையிடம் 'எத்தனை முறை செய்தாய்?' என்று கேட்பதோடு நிறுத்தாமல், 'யார் கேட்டார்கள்? என்ன மாற்றினாய்?' என்றும் கேட்கத் தொடங்குவோம். அந்தக் கேள்விகளை ஒவ்வொரு நாளும் கேட்கும் ஆசிரியர்கள் மலையகத்தில் பெருகினால், இங்கிருந்து எழும் கலைஞர்களை நாடு கவனித்தே ஆகும்.